ஐந்து சென்டில் ஒரு வீட்டின் காய்கறி: தோட்டம் அமைத்தலும் பூச்சிகளைக் கையாளுதலும்

வீட்டுத் தோட்டத்தில் தன்னிறைவு என்றதும், கடைப்பக்கமே போகாமல் எல்லாவற்றையும் விளைவித்துக்கொள்வது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி எண்ணித் தொடங்கியவர்கள் முதல் ஆண்டிலேயே சோர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு குடும்பம் தன் கொல்லையிலிருந்தே ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளக்கூடியவை கீரைகள், முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், அவரை, பந்தலில் ஏறும் கொடிக்காய்கள், வாழை, பப்பாளி, எலுமிச்சை ஆகியவையே. உருளைக்கிழங்கும் கேரட்டும் நம் வெயிலுக்கு ஒத்துவருவதில்லை. பெரிய வெங்காயம் வீட்டுத் தேவைக்கு விளைய வேண்டுமென்றால் இருக்கிற இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொள்ளும். இவற்றைச் சந்தையில் வாங்கிக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை.

அளவைக் கணக்கிட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் காய்கறி என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 1.2 கிலோ, ஆண்டுக்கு ஏறக்குறைய 440 கிலோ தேவைப்படும். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 5 சென்ட், அதாவது சுமார் 2,200 சதுர அடி நிலம் போதும். இடம் 1 சென்ட்தான் இருக்கிறது என்றால் கீரை, மிளகாய், கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஒரு பந்தல் என்று சுருக்கிக்கொள்ளலாம். அதிலும் கீரைத் தேவை முழுவதுமாக நிறைவேறிவிடும்.

மரங்களுக்கான இடமும் பாத்திகளும்

பல ஆண்டுகள் நிற்கப்போகும் மரங்களுக்கு முதலில் இடம் ஒதுக்க வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கே விழும். எனவே முருங்கை, பப்பாளி, அகத்தி, எலுமிச்சை போன்றவற்றை வடக்கு எல்லையில் நட்டால் பாத்திகளின் வெயில் மறைவதில்லை. மேற்கு எல்லையில் வாழையும் அகத்தியும் நிற்பது கோடையில் பெரும் உதவி. சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகல் வெயிலை அவை தாங்கிக்கொள்ளும். துவைக்கும் கல்லிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வரும் நீரைக் கல்வாழை அடர்ந்த ஒரு சிறு வாய்க்கால் வழியாகச் செலுத்தி வாழைக்கும் சேம்புக்கும் விட்டால், கிணற்று நீரில் பெரும்பகுதி காய்கறிப் பாத்திகளுக்கு மிஞ்சும். அந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடவே கூடாது.

பாத்தியின் அகலம் மூன்றரை அடிக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்டினால்தான் இலையைத் திருப்பிப் பார்க்க முடியும். பார்க்க முடியாத இடத்தில்தான் பூச்சி பெருகும். 100 சதுர அடிக்கு நன்கு மட்கிய தொழுவுரம் 25 கிலோ, வேப்பம்புண்ணாக்கு அரைக் கிலோ என்று போட்டுக் கொத்திவிட்டு, வைக்கோலோ சருகோ கொண்டு மூடாக்கு இட வேண்டும். தழை கருகருவென்று வளர வேண்டும் என்று ஆட்டுப்புழுக்கையையும் கோழி எருவையும் அள்ளிக் கொட்டுவது தவறு. தழைச்சத்து மிகுந்த இளந்தளிருக்கே சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினியும் வெள்ளை ஈயும் முதலில் வரும். ஆகவே பூச்சி மேலாண்மை என்பது எரு போடும்போதே தொடங்கிவிடுகிறது.

விதைப்பில் ஆடிப்பட்டத்தைப் பிடித்துக்கொள்வது நம் முன்னோர் வழக்கம். கொடிக்காய்கள், அவரை, கத்தரி, மிளகாய் ஆகியவற்றுக்கு அதுவே உகந்த காலம். தைப்பட்டத்தில் வெண்டை, தக்காளி, கொத்தவரை, வெள்ளரி ஆகியவற்றைப் போடலாம். வீட்டுத் தோட்டத்துக்கென்று தனியாக ஒரு முறை உண்டு. வெண்டை விதை முழுவதையும் ஒரே நாளில் ஊன்றினால் 50 நாள் கழித்துச் சில வாரம் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் காய்த்துவிட்டு, பிறகு ஒரேயடியாக ஓய்ந்துபோகும். 15 செடி வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊன்றிக்கொண்டே போனால் வாணலிக்குக் காய் இல்லாத வாரம் இருக்காது. கீரைக்கும் இதே முறைதான். பாத்தியை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பங்கு தண்டுக்கீரையோ அரைக்கீரையோ தூவ வேண்டும். அரைக்கீரையை அடியோடு பிடுங்காமல் அரிந்து எடுத்தால் அது மீண்டும் மீண்டும் தழைக்கும்.

ஒரே பாத்தியில் கத்தரிக்குப் பின் தக்காளி, தக்காளிக்குப் பின் மிளகாய் என்று நடக்கூடாது. மூன்றும் ஒரே குடும்பத்துப் பயிர்கள். ஒன்றின் நோயும் நூற்புழுவும் மற்றொன்றுக்காக மண்ணில் காத்திருக்கும். கத்தரி எடுத்த இடத்தில் அவரைக் குடும்பத்தையும், அதன் பின் கீரையையும், அதன் பின் முள்ளங்கியையும் சுழற்றி வர வேண்டும். தக்காளிச் செடியைப் பிடுங்கும்போது வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழுவின் வேலை. அந்தப் பாத்தியில் ஒரு பருவம் முழுவதும் செண்டுமல்லி போட்டுவிடுவதே நல்ல வைத்தியம். அதன் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவைக் குறைக்கும், பூவும் வீட்டுக்கு ஆகும்.

காலையில் கால் மணி நேரம்

பூச்சியைக் கண்டதும் பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். பருத்திக்கும் நெல்லுக்கும் அடிக்கும் நஞ்சை ஒரு மூடி அளவு ஊற்றிக் கொடுக்கும் கடைக்காரர், அதை அடித்தபின் எத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்று சொல்வதில்லை. மோனோகுரோட்டோபாஸ் என்ற நஞ்சைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005 முதலே இந்தியாவில் தடை இருக்கிறது. ஆனாலும் தெளிக்கிறவர்களை இன்றும் காண முடிகிறது. சொந்தத் தோட்டத்தில் விளைவித்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இந்த அச்சம் இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்.

தோட்டத்துக்கு உண்மையான மருந்து, தினமும் காலையில் கால் மணி நேரம் ஒவ்வொரு செடியின் இலையையும் திருப்பிப் பார்ப்பது. பார்க்கும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வந்திருக்கும் பூச்சி கடித்துத் தின்கிறதா, சாறு உறிஞ்சுகிறதா என்பதை. இலையில் ஓட்டையும் எச்சமும் இருந்தால் புழு அல்லது வண்டு. இலை சுருண்டு, மஞ்சளித்து, பிசுபிசுவென்று ஒட்டினால் அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவற்றில் ஒன்று. செடியில் எறும்பு வரிசையாக ஏறுவதைக் கண்டால் மேலே சாறுறிஞ்சி இருக்கிறது என்று பொருள். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

சென்ற ஆண்டு கார்த்திகையில் எங்கள் அவரைப் பந்தலில் ஒரு கொழுந்து முழுவதும் கருப்பு அசுவினி மொய்த்துக் கரி பூசினாற்போல் இருந்தது. கிள்ளி எறியப்போன நேரத்தில், அந்தக் கூட்டத்தின் நடுவே அரை அங்குலத்துக்கும் குறைவான நீளத்தில், கருநீல உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, முதலைக் குட்டியைப் போல் முள் முள்ளாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அது ஓர் அசுவினியை வாயில் கவ்வி, உடலை உறிஞ்சிவிட்டுத் தோலை விட்டுவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்தது. அது பொறிவண்டின் புழு. வளர்ந்து கூட்டுப்புழுவாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடக்கூடியது. பார்ப்பதற்குப் பயமாக இருப்பதால் இதைத்தான் பெரும்பாலோர் முதலில் நசுக்குகிறார்கள். தொடக்கத்தில் நானும் அதைத்தான் செய்துவந்தேன். அந்தக் கொழுந்தை அப்படியே விட்டுவிட்டு எறும்பு ஏறும் பந்தல் காலில் மட்டும் கிரீஸ் தடவினேன். ஒன்பதாம் நாள் பார்த்தபோது கொழுந்தில் வெறும் தோல்கள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன.

பொறிவண்டையும் அதைப் போலவே இருக்கும் கத்தரிப் புள்ளி வண்டையும் பிரித்தறிய வேண்டியது மிக முக்கியம். பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டின் முதுகு மங்கலாக, மெல்லிய மயிர் படர்ந்ததுபோல் இருக்கும், புள்ளிகளும் மிகுதி. இதன் புழு மஞ்சள் நிறத்தில், உடல் முழுவதும் முட்களோடு, இலையின் பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் வலைபோல் விட்டுவைக்கும். நசுக்க வேண்டியது இதைத்தான். கும்பிடுபூச்சி, சிலந்தி, தட்டான், நூல் போன்ற காம்பின் நுனியில் முட்டையிடும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஆகியவற்றை எந்த நிலையிலும் தொடக்கூடாது. பாத்தி ஓரத்தில் கொத்தமல்லியும் சோம்பும் பூக்க விட்டுவைத்தால் இந்த நண்பர்களில் பலர் தேனோ இரையோ தேடி வந்து தங்குவார்கள்.

இந்த நன்மை செய்யும் பூச்சிகள் எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. மெழுகுப் போர்வை இருப்பதால் மருந்து அதன் உடலில் படவில்லை. எவ்வளவு அடித்தாலும் திரும்ப வந்தது. வீடுகளில் செம்பருத்தியையும் பப்பாளியையும் வெட்டி எரித்தவர்கள் ஏராளம். 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வருவித்து வளர்த்து வயல்களில் விட்டார்கள். அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாத குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டுப் பெருகி, மருந்தால் முடியாததைச் செய்து முடித்தது. இன்றும் பப்பாளி இலையில் மாவுப்பூச்சியைக் கண்டால் உற்றுப் பாருங்கள். உப்பி, பழுப்பேறி, உடலில் ஒரு வட்டத் துளையோடு காய்ந்து கிடந்தால் குளவி வந்து போயிருக்கிறது. அங்கே எதையும் தெளிக்கக்கூடாது.

2016ல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்டுப் பரவிய தென்னைச் சுருள் வெள்ளை ஈக்கும் இதே அணுகுமுறைதான் பொருந்தும். தென்னைக்குக் கீழே இருக்கும் கறிவேப்பிலையும் கொய்யாவும், ஈ கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் கரிப்பூஞ்சை படர்ந்து கறுத்துப்போவதைக் கண்டு பதறி நஞ்சு அடித்தால், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துப்போகும். மஞ்சள் ஒட்டும் பொறிகளைக் கட்டி, எட்டுகிற மட்டைகளின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். கறுத்த இலையின் மேல் நீர்க்க மைதாக் கஞ்சி தெளித்தால், காய்ந்ததும் கரிப்பூஞ்சை செதில் செதிலாக உரிந்து விழும்.

பயிர்வாரியாகச் செய்ய வேண்டியவை

கத்தரியில் தண்டு மற்றும் காய்த் துளைப்பான்தான் தலையாய எதிரி. நேற்று வரை நிமிர்ந்து நின்ற கொழுந்து ஒன்று, நீர் பாய்ச்சியிருந்தும் காலையில் தலை தொங்கிக் கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி எடுத்துப் பிளந்து பார்த்தால் இளஞ்சிவப்பு வெள்ளையில் புழு தெரியும்; அதை அழித்துவிட வேண்டும், வெட்டிய கொழுந்தைப் பாத்தியோரம் போட்டுவிடக்கூடாது. இந்த ஒரு வேலையை நடவு செய்த மூன்றாம் வாரத்திலிருந்து தவறாமல் செய்தால் காய் பிடிக்கும்போது சொத்தை பாதியாகக் குறைந்துவிடும். காய்க்குள் போன புழுவை எந்தக் கரைசலும் தொடாது. துளை விழுந்த காயைப் பறித்து அகற்றுவதுதான் வழி. பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வேளாண் இடுபொருள் கடைகளில் கிடைக்கிறது. 5 சென்டுக்கு ஒன்று போதும். ஓய்ந்துபோன கத்தரிச் செடியை இன்னும் நாலு காய் வரும் என்று மாதக்கணக்கில் விட்டுவைப்பது அடுத்த நடவுக்குப் பூச்சியை வளர்த்துக் கொடுப்பதாகும்.

பாகல், பீர்க்கு, புடலை, சுரை ஆகிய கொடிக்காய்களில் பிஞ்சு வெம்பி விழுவதைக் கண்டால் உடனே பூச்சி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். விழுந்த பிஞ்சை அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே வெண்புழு நெளிந்தாலோ, தோலில் ஊசி குத்திய இடத்தில் பிசின் கசிந்து காய் கோணியிருந்தாலோ அது பழ ஈ. உள்ளே சுத்தமாக இருந்து பிஞ்சு மஞ்சளித்து மட்டும் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும். பூசணியும் பாகலும் காலையில் மலரும். அந்தந்த நேரத்தில் ஓர் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால் காய் பிடித்துக்கொள்ளும்.

பழ ஈயாக இருந்தால் விழுந்த காய், அழுகிய காய் ஒன்றைக்கூடத் தரையில் விடக்கூடாது. ஈயின் புழு காயிலிருந்து வெளியேறி மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். அந்தக் காய்களைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி நான்கைந்து நாள் வெயிலில் போட்டபின் உரக்குழியில் சேர்க்கலாம். பந்தலடி மண்ணை வாரம் ஒருமுறை கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் காக்கை குருவியிடமும் மாட்டிக்கொள்ளும். பிஞ்சு விரல் நீளம் வந்தவுடன் செய்தித்தாளையோ பழைய வேட்டித் துணியையோ பையாகத் தைத்துப் போட்டுவிடுவது எனக்குத் தெரிந்த வரையில் மிக உறுதியான காப்பு. பொறி வாங்கும்போது கவனம் வேண்டும்: மாம்பழ ஈக்கான மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் கொடிக்காய் ஈயைக் கவர்வதில்லை, க்யூ லூர் என்ற கவர்ச்சிப் பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் ஆண் ஈக்களே விழும் என்பதால் பொறியை மட்டும் நம்பியிருக்க முடியாது. முளைவிடும் பருவத்தில் விதையிலைகளைக் கடிக்கும் சிவப்பு வண்டுக்கு, காலைப் பனி காயும் முன் அடுப்புச் சாம்பலைத் தூவினால் போதும்.

வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலும் தக்காளியின் இலைச்சுருட்டும் வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சுயிரி நோய்கள். வந்தபின் மருந்து கிடையாது. இலை நரம்பு மஞ்சள் வலைபோல் தெரிந்த வெண்டைச் செடியை, அது காய்த்துக்கொண்டிருந்தாலும், அன்றே பிடுங்கி அகற்ற வேண்டும். ஒரு செடிக்கு இரக்கம் காட்டினால் வரிசையே போய்விடும். தக்காளி நாற்றங்காலை 25 நாள் வரை பழைய கொசுவலையால் மூடி வளர்த்தால், செடி இளமையில் நோய் வாங்காமல் தப்பித்துவிடும். பாத்தியைச் சுற்றி மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக இரண்டு வரிசை விட்டால் வெள்ளை ஈ தடைபடும். பொறிவண்டுக்கும் அது வீடு. தக்காளியோடு செண்டுமல்லியும் நட்டால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பூவில் முட்டையிட வரும். பூவைப் பறிக்கும்போது முட்டையும் போய்விடும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல் ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எச்சம் அல்ல, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலையிலிருந்து சிவந்த கொம்பு இரண்டை நீட்டி ஒரு நாற்றத்தை விடும். கையால் எடுத்தால் போதும். மூலையில் ஒரு நாரத்தை மரம் இருந்தால் அதில் கொண்டுபோய் விட்டுவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

முருங்கையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கம்பளிப்பூச்சி வரும். இரவில் மேலே ஏறி இலையைத் தின்றுவிட்டுப் பகலில் அடிமரத்தில் திட்டாகக் கூடியிருக்கும். தீப்பந்தம் காட்டுவது வழக்கத்தில் இருந்தாலும் பட்டை வெந்து மரம் கெடுகிறது. நீண்ட கையுறை அணிந்து, தென்னை விளக்குமாற்றால் சோப்பு நீர் நிறைந்த வாளியில் தள்ளிவிடுவது நல்லது. வெறும் உடம்பில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும் என்பதால் குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

ஆப்பிரிக்கப் பெருநத்தை வந்துவிட்ட இடங்களில் மாலையில் ஈரச் சாக்கைப் பரப்பி அடியில் பப்பாளி இலையையும் முட்டைக்கோசு இலையையும் வைத்தால் விடியலில் அத்தனையும் அங்கே இருக்கும். கையுறையோடு பொறுக்கி உப்பு நீரில் போட வேண்டும். உப்பைப் பாத்தியில் தூவினால் மண் கெட்டுவிடும். மயிலுக்கும் அணிலுக்கும் வலை ஒன்றுதான் வழி.

கரைசல் தயாரித்தலும் தெளித்தலும்

கையால் எடுத்தும் பொறி வைத்தும் அடங்காதபோதுதான் கரைசலுக்குப் போக வேண்டும். அவற்றில் நான் முதலிடம் கொடுப்பது வேப்பங்கொட்டைச் சாறு. வைகாசி முதல் ஆடி வரை உதிரும் வேப்பம்பழங்களைப் பொறுக்கி, சதையை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்குப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த கொட்டையிலும் எட்டு மாதத்தைத் தாண்டிய கொட்டையிலும் வீரியம் குறைவு. லிட்டருக்கு 50 கிராம் வீதம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, இரவு முழுவதும் சிறிதளவு நீரில் ஊறவிட்டு, காலையில் முடிப்பைப் பிழிந்து பிழிந்து பால்போல் வெண்மையாக வரும் வரை எடுக்க வேண்டும். வடிகட்டி, தேவையான அளவுக்கு நீர் சேர்த்து, இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். 20 செடிகளுக்கு 2 லிட்டர் போதும்.

இது பூச்சியை உடனே கொல்லும் மருந்து அல்ல. வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். தெளித்த மறுநாள் புழு நடமாடுவதைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடக்கூடாது. நான்காம் நாள் புதிய கடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும், காலையில் தெளித்தால் தேனீக்கும் இடைஞ்சல். ஆகவே மாலை நேரமே ஏற்றது. இலையின் மேற்பக்கத்தைவிட அடிப்பக்கம் நனைய வேண்டியது முக்கியம். வேப்பெண்ணெயாக வாங்குகிறவர்கள் லிட்டருக்கு 5 மில்லி வீதம் சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, ஒரு செடியில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்தபின் மற்றவற்றுக்குத் தெளிக்க வேண்டும். ஒரு பங்குனி மாத நண்பகலில் அவசரப்பட்டு எண்ணெயைக் கூடுதலாக ஊற்றித் தெளித்ததில் எங்கள் புடலை இலை அத்தனையும் தீய்ந்துபோனதை இன்றும் மறக்க முடியவில்லை.

இலை தின்னும் புழுக்கள் மிகுந்திருந்தால் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல் உதவும். மூன்றையும் 50 கிராம் வீதம் அரைத்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் இருமுறை வடிகட்டி, பத்து மடங்கு நீரில் கலந்து தெளிக்கலாம். கண்ணைக் காத்துக்கொண்டு, காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று தெளிக்க வேண்டும்.

ஆடு மாடு தின்னாத இலைகளான நொச்சி, வேம்பு, ஆடாதொடை, எருக்கு, ஊமத்தை ஆகியவற்றைக் கோமியத்தில் இரண்டு வாரம் ஊறவைத்து எடுக்கும் ஐந்திலைக் கரைசல் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது நல்ல விரட்டிதான். ஆனால் ஊமத்தையும் எருக்கும் மனிதருக்கும் நஞ்சு என்பதை மறந்துவிடக்கூடாது. நாளை பறிக்கப்போகும் கீரையில் அதைத் தெளிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். கீரைக்கு வேம்பு மட்டும் போதும். புகையிலைக் கரைசலை வீட்டுத் தோட்டத்தில் தவிர்த்துவிட வேண்டும். நிகோட்டின் கடுமையான நஞ்சு. போதாதற்குப் புகையிலையிலிருந்து தேமல் நச்சுயிரி தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடும்.

பூஞ்சை நோய்களுக்கு விதைக்கும்போதே காப்புச் செய்வது எளிது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) என்பது அளவு; நம் கையிலுள்ள ஒரு பிடி விதைக்கு வடிகஞ்சியில் ஒரு சிட்டிகை குழைத்துப் புரட்டி நிழலில் உலர்த்தினால் போதும். கொடிகளில் சாம்பல் பூத்தால் நன்கு புளித்த மோரைப் பத்து மடங்கு நீரில் கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம்.

விதை எடுத்தல்

விதைக்காக ஒவ்வொரு பருவமும் கடைக்குப் போகும் வரை தன்னிறைவு அரைகுறைதான். வீரிய ஒட்டு ரக விதையிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல் வராது என்பதால் நாட்டு ரகங்களாகத் தேடிப் பிடிக்க வேண்டும். காய்க்கத் தொடங்கியவுடனே, பூச்சிக்கும் நோய்க்கும் அசையாமல் நின்ற செடியைத் தேர்ந்து ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காயெல்லாம் குழம்புக்குப் போய், கடைசியில் மிஞ்சிய சொத்தைதான் விதையாகும். வெண்டையையும் அவரையையும் செடியிலேயே நெற்றாக விட வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுத்தபின் பிசைந்து நீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும். தக்காளி விதையின் மேலுள்ள வழவழப்பு போக ஒன்றிரண்டு நாள் அதன் சாற்றிலேயே புளிக்கவிட்டுக் கழுவ வேண்டும். சுரை, பூசணி போன்றவற்றில் வேறு ரகம் அக்கம்பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும். மலரும் முன்பே பெண் பூவின் நுனியை நூலால் கட்டி, மறுநாள் கையால் மகரந்தம் சேர்த்துத் திரும்பக் கட்டிய காயைத்தான் விதைக்கு விட வேண்டும்.

நிழலில் உலர்த்திய விதையைச் சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து, கண்ணாடிப் புட்டியில் இட்டு, ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டி, ஈரமில்லாத அலமாரியில் வைக்க வேண்டும். அமாவாசைதோறும் விதையை எடுத்து இளவெயில் காட்டும் பழைய வழக்கம், மாதம் ஒருமுறை வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும் உதவுகிறது. ஆனி பிறந்ததும் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் 10 விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். எட்டு முளைத்திருந்தால் அந்த விதையை வழக்கமான அளவில் ஊன்றலாம். ஐந்துதான் முளைத்தது என்றால் குழிக்கு இரண்டாக ஊன்ற வேண்டும். அதற்கும் குறைந்தால் ஆடிக்குள் புதிய விதை தேடிக்கொள்ள இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கும்.